கேபிளைத் தூக்கிப் பிடித்தால் போதும்

அன்புள்ள சின்னவளுக்கு,

அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் ஆறு மாதக் குட்டியும் அதுபோலவே இருக்க வேண்டும். பல் வரும் நேரம், கண்டதையும் வாயில் வைக்க விடாதே. அப்பாவுக்கு முட்டிவலி குறைந்துவிட்டது, வாய்தான் குறையவில்லை, பேத்தியைப் பார்க்க ஏன் இன்னும் டிக்கெட் போடவில்லை என்று தினமும் என்னை அரித்தெடுக்கிறார்.

நான் எப்படிக் கிளம்புவேன் சொல். எங்கள் மின்வண்டி சார்ஜிங் நிலையத்தில் எல்லாம் தானியங்கி ஆனபிறகு வேலைக்கு இருந்த ஆறு பேரில் நான் ஒருத்திதான் மிச்சம். வரிசை பார்ப்பது, எந்த வண்டிக்கு எவ்வளவு மின்சாரம் என்று பிரிப்பது, முடிந்ததும் செய்தி அனுப்புவது எல்லாம் இயந்திரமே செய்கிறது, நன்றாகவே செய்கிறது, பொய் சொன்னால் நாக்கு அழுகிவிடும். ஆனால் சார்ஜ் முடிந்தும் பிளக்கை வண்டி விடாமல் கவ்விக்கொண்டால், பூட்டைத் திறக்க மூன்று தடவை முயன்றுவிட்டு இயந்திரம் என்னைப் போனில் கூப்பிட்டுவிடும், பத்து நிமிடத்தில் நான் அங்கே நிற்க வேண்டும். பல் டாக்டர் நாற்காலியிலிருந்து பாதியில் எழுந்து ஓடியிருக்கிறேன். எட்டு மாதமாக நம் பேட்டையைத் தாண்டவில்லை, மூச்சு முட்டுகிறது.

உன்னிடம் மட்டும் சொல்கிறேன். நான் போய்ப் பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. கேபிள் கனத்தில் பிளக் தொங்கிப் பூட்டு இறுகிவிடுகிறது, கேபிளைத் தூக்கிப் பிடித்துப் பிளக்கை லேசாக உள்ளே தள்ளிவிட்டு மறுபடி பொத்தானை அழுத்தினால் விட்டுவிடும். வண்டிக்காரரையே அப்படிச் செய்யச் சொல்லித் திரையில் ஒரு வரி காட்டிவிட்டு இயந்திரம் நாலாவது தடவை முயன்றால் போதும், ஆளே வேண்டாம். முதல் வாரமே கண்டுபிடித்துவிட்டேன். மேற்பார்வையாளர் கேட்டபோது, "அது கைப்பழக்கம் சார், சொன்னா வராது" என்று மழுப்பிவிட்டேன். சொன்னால் நாளையே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களே என்ற பயம். இப்போது நானே என்னைக் கட்டிப்போட்டுக்கொண்டு விழிக்கிறேன்.

போன வாரம் மழையில் நான் போய்ச் சேர இருபத்தைந்து நிமிடம் ஆகிவிட்டது. காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தாள். ஒரு நொடியில் எடுத்துக்கொடுத்தேன். "நல்லவேளை நீங்க வந்தீங்கம்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். எனக்கு உடம்பெல்லாம் கூசிவிட்டது, அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

இதோ போன் அடிக்கிறது. மேற்பார்வையாளர் இன்று நிலையத்தில்தான் இருக்கிறார். போகிறேன், ஆனால் இந்தத் தடவை பிளக்கைத் தொடமாட்டேன், அவர் கண்ணெதிரே வண்டிக்காரரையே தூக்கிப் பிடிக்கச் சொல்லப் போகிறேன். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்து கோணினால் பொறுத்துக்கொள்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நன்றாக இருங்கள். குட்டியின் பாதத்தைத் தாளில் வைத்து வரைந்து மறக்காமல் அனுப்பு. காலுறை பின்னி நானே எடுத்துக்கொண்டு வருகிறேன்.

உன் அம்மா