பெஞ்சில் பக்கத்து இடம்

என் பெரியவனுக்கு,

ஜெயில் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா?

நீ குடித்துவிட்டு வண்டி ஓட்டிய நாளிலிருந்து சர்ச்சில் என் பெஞ்சில் ஒருத்தரும் உட்காருவதில்லை. எனக்கென்ன, வசதியாகக் காலை நீட்டிக்கொள்கிறேன்.

போன ஞாயிறு, உன் வண்டி மோதி இறந்த அந்தப் பிள்ளையின் அம்மா வந்தாள். மகளை அடக்கம் செய்தபின் இப்போதுதான் வருகிறாள். நேராக வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நீட்டியிருந்த காலை மடக்கிக்கொண்டேன்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காதீங்கக்கா. நீங்க தனியா உக்காந்திருக்கறதப் பாக்க முடியல."

பாட்டுப் புத்தகத்தை நடுவில் விரித்து வைத்தாள். இரண்டு பேரும் பாடவில்லை.

ஆராதனை முடிந்ததும் அவளிடமும் யாரும் பேசவில்லை.

மாதத்தில் ஒரு ஞாயிறு மட்டும்தான் உன்னைப் பார்க்க விடுவார்கள், தெரியும். இந்த ஞாயிறு நான் வரவில்லை, கோபித்துக்கொள்ளாதே. அவள் பக்கத்தில் யாராவது உட்கார வேண்டும்.

அம்மா