கொக்கோ மரத்தடி வாழைத்தண்டு

மார்கழி, வெள்ளி இரவு

இன்று பின்வளவுக் கூடாரத்துக்குள் நின்றது மூன்று பேர்: நான், என் கணவர், பக்கத்து வீட்டு றீற்றா அக்கா.

துறைமுகத்து உப்புக்காற்றில் இலை கருகாமல் வலையடித்த கூடாரம் அது. உள்ளே கொக்கோ பூத்துப் பூத்துக் காய்க்காமல் கொட்டியது. பூவுக்குப் பூ மகரந்தம் சேர்க்கும் குறுணிப் பூச்சி அழுகலில்தான் பெருகும் என்று வாசித்த பிறகு, சருகைத் தினமும் கூட்டுவதை நிறுத்தி, மரத்தடியில் வாழைத்தண்டுகளை வெட்டிப் போட்டேன். இப்போது ஏழு பிஞ்சு நிற்கிறது.

அக்கா ஒரு தண்டைக் காலால் தட்டினா. அதன் குழியில் தேங்கிய மழைத்தண்ணீரில் புழுக்கள் நெளிந்தன.

"இது கொக்கோத் தோட்டமோ, நுளம்புப் பண்ணையோ?"

"மரம் காய்ச்சால் இவ உங்களுக்கும் சொக்லேட் தருவா," என்று இவர் பகிடி விட்டார்.

அக்கா சிரிக்கவில்லை. "என்ர பிள்ளைக்கு நேற்றையில இருந்து காய்ச்சல். ரத்தம் சோதிக்கக் குடுத்திருக்கு. டெங்குவோ தெரியாது."

"இது பூவுக்கு வாற பூச்சியின்ர புழு அக்கா, ஒண்டும் செய்யாது," என்று உடனே சொல்லிவிட்டேன். உண்மையில் எனக்குத் தெரியாது. நுளம்பின் புழுவாகவும் இருக்கலாம்.

அக்கா போனதும் தண்ணீரையெல்லாம் கவிழ்த்து ஊற்றினேன். செபமாலை சொல்லியும் மனம் அடங்கவில்லை. விடிந்ததும் தண்டுகளைக் குழி வெட்டித் தாட்டுவிடுவேன். இனிப் பிஞ்சு பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. தெரியாமல்தான் சொன்னேன் என்று அக்காவிடமும் சொல்ல வேண்டும்.

ரத்த ரிப்போட் நாளைக்கு வருமாம். ஆண்டவரே, அந்தப் பிள்ளைக்கு டெங்கு இல்லை என்று கெதியாகப் பதில் தாரும்.