என் பெயரில் நீ படித்த புத்தகங்கள்

இன்று காலை பாகூர் வாசகசாலையின் அலமாரியைக் காலி செய்தார்கள். மழையில் நனைந்து ஒட்டிக்கொண்ட புத்தகங்களைப் பிரித்து வெயிலில் பரப்ப என்னைத்தான் கூப்பிட்டார்கள். இந்தக் கொம்யூனில், சுற்றுப்பட்ட ஊர்களிலெல்லாம், புத்தகம் தெரிந்த ஆள் நான்தானே. ஒன்றைப் பிரித்தேன். பக்கத்தின் ஓரத்தில் மஞ்சளாய் ஒரு கட்டைவிரல் ரேகை. மூக்கருகே கொண்டுபோனேன். மஞ்சளும் புளியும். பதினோரு வருஷத்துக் குழம்பு மணக்குமா என்று நீ கேட்பாய். எனக்கு மணந்தது. சட்டென்று மூடிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தேன். நீ கண்ணை மூடி இரண்டு வருஷம் ஆகிறது. அன்றைக்கு என்னை விசாரித்த பிரெஞ்சுப் போலீஸ் அதிகாரி, அந்தக் கொம்மிசேரும் கப்பலேறிப் பிரான்சுக்கே போய்விட்டான். பயத்துக்கு மட்டும் இதெல்லாம் தெரியவில்லை.

வாசகசாலை வந்த புதிதில் அதில் ஓர் அலமாரி, இரண்டு பெஞ்சு, கடலூரிலிருந்து ஒருநாள் பிந்தி வரும் பேப்பர் ஒன்று. நோட்டில் கையெழுத்துப் போட்டால் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்று காரியதரிசி அறிவித்த அன்று, முதல் கையெழுத்து என்னுடையது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம்தான் என்னிடம் தோற்று ஓடியது, கையெழுத்து ஓடவில்லை. எழுத்துக்கூட்டினால் ஒரு பக்கத்துக்கு ஒரு பொழுதாகும் என்பது ஊருக்கு எதற்கு? புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேர்வழியை விட்டு, கடைத்தெரு சுற்றி, ஏரிக்கரை சுற்றி வருவேன். நெட்டப்பாக்கம்வரை என் படிப்பின் புகழ் போயிருந்தது. வீட்டுக்கு வந்ததும் அதைக் கூரை எரவாணத்தில் செருகிவிட்டு வயலுக்குப் போய்விடுவேன்.

ஒருநாள் நீ வரால் மீனைச் செதில் சுரண்டிக்கொண்டே, தலை நிமிராமல், எரவாணத்துப் புத்தகத்தைப் பற்றிச் சொன்னாய்: “மாமா, இதுக்கு ரெண்டாம் பாகம் இருக்குதாம். அத எடுத்துகினு வா.”

கலியாணமாகி ஆறு வருஷம் ஆகியிருந்தது. கன்னியாஸ்திரீகள் பள்ளியில் நீ ஐந்து வருஷம் படித்தவள் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. ஏன் சொல்லவில்லை என்றால், “நீ எங்க கேட்ட?” என்றாய். அதன்பிறகு நான் எடுத்துவருவேன், நீ படிப்பாய். அடுப்படியில் ஒரு கையால் குழம்பைக் கிளறிக்கொண்டே படித்ததை எனக்குச் சொல்வாய். மறுநாள் அதை வாசகசாலைப் பெஞ்சில் நான் அவிழ்த்துவிடுவேன். நீ சொன்னதில் ஒரு குதிரை வந்தால் நான் சொன்னதில் ஏழு வரும். பெஞ்சில் இடம் கிடைக்காமல் ஆட்கள் நின்று கேட்டார்கள்.

உன் தம்பி புதுச்சேரி ஆலையில் வேலைக்கு இருந்தான். ஆலையில் தகராறு கிளம்பியது. அவனிடமிருந்து சேதியே வராத நாட்களில், ஆலைக் கூலிகளைப் பற்றிய மெல்லிய புத்தகம் ஒன்று அலமாரியில் இருப்பதாகக் கேள்விப்பட்டு அதைக் கேட்டாய். கையெழுத்துப் போட்டு எடுத்து வந்தேன். பாதிக் கதை சொன்னாய். மீதியை நீ சொல்லும்போது நான் சாப்பிட்ட மயக்கத்தில் தூங்கிவிட்டேன். புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்த ஐந்தாம் நாள், அது சர்க்கார் தடுத்த புத்தகம் என்று சொல்லி, பத்து சொல்தாக்கள், போலீஸ் சிப்பாய்கள், துப்பாக்கியோடு வந்து நோட்டையும் புத்தகத்தையும் தூக்கிப் போனார்கள். ஊருக்கு நான் சொன்ன கணக்கு பத்து. உனக்கு எழுதும்போது என்ன, இரண்டு பேர். துப்பாக்கி கிடையாது, தடி. அந்தப் புத்தகத்துக்கு நேராக நோட்டில் இருந்தது ஒரே கையெழுத்து.

மறுநாள் காலை ஸ்டேஷனுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. நான் சட்டையை உள்புறம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டிருந்தேன். நீ அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சொன்னாய்: “என் பேர சொல்லிடு மாமா. படிச்சவ நான்தான?”

அது எனக்கு இன்னும் பயத்தைத்தான் கொடுத்தது. உன் பெயர் வெளியே வந்தால் உன்னைக் கூட்டிப் போவார்கள். உன் பின்னாலேயே உன் தம்பியைத் தேடுவார்கள். என் நாக்கை எனக்குத் தெரியும். சும்மா கேட்டாலே ஒன்றுக்கு ஒன்பது சொல்லும். மிரட்டிக் கேட்டால் என்ன கொட்டுமோ? போகிற வழியெல்லாம், சொல்லாதே சொல்லாதே என்று அதற்குச் சொல்லிக்கொண்டே போனேன்.

மேசைமேல் நோட்டும் புத்தகமும் இருந்தன. கொம்மிசேர் பிரெஞ்சில் கேட்டான். குமாஸ்தா அதைத் தமிழாக்கினான். படித்தது நான்தான் என்றேன். அப்படியானால் என்ன எழுதியிருக்கிறது, சொல் என்றான். நீ சொன்னபடியே சொன்னேன், ஒரு குதிரைகூடச் சேர்க்காமல். நீ சொன்னது தீர்ந்துபோயிற்று. கொம்மிசேர் பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்த்தான். பிறகு வாய் தானாகப் போயிற்று. கூலிகளின் தலைவன் கனவில் திரௌபதி அம்மன் வந்தாள். முதலாளி காலில் எல்லாரும் விழுந்தார்கள். முதலாளி அழுதான். பொங்கலுக்குப் புது வேட்டி கொடுத்தான். கூத்தின் முடிவில் மங்களம் பாடுவார்களே, அப்படிக் கைகூப்பி நின்றேன்.

இது சரியா என்று கொம்மிசேர் குமாஸ்தாவைக் கேட்டிருக்க வேண்டும். குமாஸ்தா புத்தகத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அந்த முகத்தை எனக்குத் தெரியும். தினமும் கண்ணாடியில் பார்க்கிற முகம். அவனும் படிக்கவில்லை. “வுய், வுய்” என்று பிரெஞ்சில் ஆமாம் போட்டுத் தலையாட்டினான்.

மூச்சு வந்தது. உடனே போயிற்று. பக்கங்களைப் புரட்டிய கொம்மிசேர், ஓரிடத்தில் நிறுத்தி, இன்று நான் பார்த்ததைப் போலவே இருந்த ஒரு மஞ்சள் ரேகையைத் தொட்டுக் காட்டினான். சின்னக் கட்டைவிரல். என் விரலில் பாதி. இது யாருடையது என்று குமாஸ்தா கேட்டான். கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டேன்.

“துன்னுகினேதாங்க படிப்பேன். மீன் கொழம்பு.”

குமாஸ்தா சிரித்தான். அதைப் பிரெஞ்சில் கேட்டதும் கொம்மிசேரும் சிரித்து, புத்தகத்தை விட்டுவிட்டு விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டான். என்னைப் போகச் சொன்னான். ஆனால் அன்று மாலையே வாசகசாலைக் கதவில் உத்தரவு ஒட்டிவிட்டார்கள்: இனி ஒரு புத்தகமும் வீட்டுக்குப் போகக் கூடாது, படிப்பவர் அங்கேயே உட்கார்ந்து படிக்க வேண்டும்.

உன்னைக் காப்பாற்றிவிட்டேன் என்று மார்தட்டிக்கொண்டு வந்தேன். உன் புத்தகம் போயிற்று. கொம்மிசேரை நான் கேட்ட கேள்விகளையெல்லாம் நாள்கணக்காக அளந்தேன். நீ கேட்டுக்கொண்டே, வெல்லம் கட்டிவந்த காகிதத்தை நீவி நீவிப் படித்துக்கொண்டிருந்தாய். கரும்பு வெட்டு முடிந்த ஒரு மத்தியானம், தலையை வாரி முடிந்துகொண்டு எதிரில் வந்து நின்றாய். நீயே வாசகசாலைக்கு வந்து படிக்கப்போவதாகச் சொன்னாய். ஒரு பெண்பிள்ளையும் ஏறாத படி அது. காறித் துப்புவார்கள், உன் அண்ணன்மார் அரிவாள் எடுப்பார்கள், மழை வரும், ஏரி உடையும் என்று என்னவெல்லாமோ சொன்னேன்.

“கொம்மிசேருக்கே பயப்படாத ஆளு,” என்றாய். “பெஞ்சியில குந்திகினு கீற நாலு கெழவனுங்களுக்கா பயப்படப் போற?”

என் வாயே எனக்கு வைத்த பொறி. நீ முன்னால், நான் பின்னால். நீ படியேறியதும் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் பாதி வரியில் நிறுத்தினார். மூன்று பேர் எழுந்து போனார்கள். ஒருவர் தூக்கத்தில் இருந்ததால் போகவில்லை. அவரைத்தான் பிற்பாடு, பெண் கல்விக்கு ஆதரவு தந்த பெரியவர் என்று ஊரெல்லாம் சொன்னேன். காரியதரிசி, ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்திருந்த நோட்டை விரித்து, பேனாவை உன் பக்கம் நீட்டினார். உன் பெயரை நீ எழுதி நான் பார்த்தது அன்றுதான். என் கையெழுத்துக்குக் கீழே, அதைவிட நன்றாக இருந்தது.

இப்போது வெள்ளிக்கிழமை மத்தியானங்களில் அந்தப் பெஞ்சு பெண்களுக்கு. நூறு பேர் வருகிறார்கள். ஆறு பேர். கரியமாணிக்கத்திலிருந்துகூட ஒருத்தி நடந்தே வருகிறாள். அலமாரி திறந்து கொடுக்கிற வேலை என்னுடையது. ஏதாவது ஒரு வரிக்கு என்னிடம் அர்த்தம் கேட்டுவிடுவார்களோ என்று ஒவ்வொரு வெள்ளியும் உள்ளங்கை வேர்க்கிறது. வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டால் இன்னும் எழுந்து நின்றுவிடுகிறேன்.

ஒன்றை மட்டும் ஊருக்கு இதுவரை சொன்னதில்லை. அன்றைக்கு ஸ்டேஷனில், இது யாருடையது என்று கேட்டபோதே என் வேட்டி நனைந்துவிட்டது. வருகிற வழியில் ஏரியில் இறங்கி முங்கினேன். கரையில் வழுக்கி விழுந்தேன் என்று உன்னிடம் சொன்னேன். ஒன்றும் கேட்காமல் ஈர வேட்டியை வாங்கிக்கொண்டு போய், அதை மட்டும் தனியாக, சவுக்காரம் போட்டு இரண்டு தடவை துவைத்தாய். ஏரித் தண்ணீருக்கு யார் சவுக்காரம் போடுவார்கள்?

உனக்குத் தெரியும். தெரிந்துதான், மாசங்கள் கழித்து என் முகத்துக்கு நேராக, சிரிக்காமல், கொம்மிசேருக்கே பயப்படாத ஆளு என்று சொன்னாய். அந்த ஒரு பொய் நான் சொன்னதில்லை, நீ எனக்குக் கொடுத்தது. வெள்ளிக்கிழமை தோறும் அதைத் தூக்கிக்கொண்டுதான் படியேறுகிறேன்.