பாதியில் அணைத்த பாட்டு

என்னங்க,

இட்லி ஹாட்பாக்ஸில் இருக்கிறது. ஜீப் சாவி டிவி மேல்.

ஜீப் பாட்டு செட்டில் இருந்த உங்கள் பென் டிரைவைக் கழற்றிவிட்டு, என் தங்கச்சி மகிமாவுடைய ராக் பேண்டின் புதுப் பாட்டை மாட்டியிருக்கிறேன். திட்டாதீர்கள். நீங்கள் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஏற்றிப்போகிற பொம்பளையாட்கள் காதில் ஒரே ஒரு தடவை விழட்டும். யூடியூபில் பதினேழு தடவைதான் ஓடியிருக்கிறது. அதில் பாதி நான் போட்டது. இந்த வாரமும் யாரும் கேட்காவிட்டால் பேண்டைக் கலைத்துவிடுவார்களாம். ரேடியோக்காரர்கள் காலில் விழுந்தாவது பாட்டைப் போடச் சொல்லிக் கேட்க, அவளோடு தேனிக்குப் போகிறேன்.

நேற்று, "மிக்ஸிக்குள்ள ஜல்லியப் போட்ட கணக்கா இருக்கு" என்று பாதியில் அணைத்தீர்கள். இன்று அணைக்காதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

கிருபா

பி.கு: நீங்கள் அணைத்த இடத்துக்கு அப்புறம் பாடுவது நான்தான்.