மொட்டைப் பெட்டிசம்

நியூ லின், ஒக்லாந்து, நியூசிலாந்து
9.10.1988

மலரின் அப்பாவுக்குக் குணவதி எழுதுவது.

முழங்கால் நோவைத் தவிர எனக்குக் குறை ஒன்றுமில்லை. உங்களுக்கு என்ன குறை என்று போன ஞாயிறு கௌரி ரெலிபோனில் மலருக்குச் சொல்லிவிட்டாள். மருமகள் சொல்லித்தான் புருஷனின் சங்கதி எனக்குத் தெரிய வேண்டியிருக்கிறது.

"மாமா ஒவ்வொரு நாளும் கசினோவுக்குப் போறார், மச்சாள். கோட்டும் ரையும் போட்டுக்கொண்டு காலமை பஸ்ஸிலை போனால் பின்னேரம்தான் வாறார்" என்றாளாம். அது என்ன இடம் என்று மலரைக் கேட்டேன். "சூதாடுற இடம் அம்மா. ஆனா அங்கை மாகாண அரசாங்கம்தான் நடத்துதாம்" என்றாள். அரசாங்கம் என்றதும் எனக்கு ஆறுதல் வரும் என்று நினைத்தாள். கள்ளுத் தவறணைக்கும் அரசாங்கம்தான் லைசென்ஸ் கொடுத்தது. அதற்காக என் அப்பா கோயில் என்று செருப்பைக் கழற்றிவிட்டா உள்ளே போனார்?

நீங்கள் மறந்திருப்பீர்கள். நான் மறக்கவில்லை. 1949 மார்கழி, திருவெம்பாவை மூன்றாம் நாள். எனக்கு வயிற்றுக்குத்து எடுத்து மருத்துவிச்சி வந்துவிட்டாள். நீங்கள் கொடிகாமம் ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்து முந்நூற்று நாலு என்று சீட்டாட்டம். அம்மா ஆள் அனுப்பினா. "இந்தக் கை முடிய வாறன்" என்று சொல்லி அனுப்பினீர்கள். மலர் பிறந்து, குளித்து, நித்திரையும் கொண்டுவிட்டாள். அடுத்த நாள் மத்தியானம் வந்தீர்கள், ஒரு சீப்பு இதரை வாழைப்பழத்தோடு. அதில் ஒரு பழம்கூட நான் தொடவில்லை.

அந்த இடத்துக்குப் போக வேண்டாம். வேறொன்றும் கேட்கவில்லை.

குணவதி


வின்னிபெக்
2.11.1988

அன்புள்ள குணவதிக்கு,

உமது கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். மூன்றாம் தரத்திலும் கோபம் குறையவில்லை. வாழைப்பழம் கப்பல் சாதி என்று நினைத்திருந்தேன். இதரை என்று நீர் எழுதினால் இதரையாகத்தான் இருக்கும்.

கௌரி சொன்னது உண்மை. ஆனால் நீர் நினைக்கிற மாதிரி இடம் அல்ல. பெரிய மண்டபம், வாசலில் மாகாணத்தின் இலச்சினை. இலாபம் ஆஸ்பத்திரிகளுக்குப் போகிறது என்று பலகையில் எழுதியிருக்கிறது. சீட்டுப் போடுகிற பெடியன்கள் மேசையை மாற்றும்போது இரண்டு கையையும் விரித்து, திருப்பிக் காட்டிவிட்டுத்தான் எழும்புகிறார்கள். வேலை கைமாறுவது என்றால் அப்படி இருக்க வேண்டும். நான் அதைப் பார்க்கத்தான் இருக்கிறேன். எப்போதாவது ஒரு டொலர் வைப்பேன். பொய் சொல்லவில்லை.

வெளியில் இப்போதே பனி. தவராசாவும் கௌரியும் விடிய வேலைக்குப் போனால் வீட்டில் ஐஸ்பெட்டியின் சத்தம் மட்டும்தான். கசினோவில் வருகிறவர்களின் கோட்டை வாங்கி மாட்டுகிற ஒரு பெண் இருக்கிறாள். முதல் நாள் என் பெயரை எழுதி வாங்கிப் பாடமாக்கிக்கொண்டாள். இப்போது கதவைத் திறந்ததும் "மிஸ்டர் விநாயகமூர்த்தி" என்று ஒரு எழுத்தும் விடாமல் சொல்கிறாள். வீட்டில் தவராசாவுக்கு அப்பா, கௌரிக்கு மாமா, பேரனுக்கு ஹாய்.

இன்னொரு விஷயம். நீர் வருவதென்றால் ஸ்பொன்சர் பத்திரம் நிரப்பித் தருவதாகத் தவராசா சொல்கிறான். யோசித்து எழுதும்.

அன்புடன்,
வி. விநாயகமூர்த்தி


நியூ லின்
28.11.1988

மலரின் அப்பாவுக்கு,

எல்லாவற்றையும் வாசித்தேன். போக வேண்டாம் என்று நான் கேட்டதற்கு ஓம் என்று ஒரு சொல் அதில் இல்லை. கையை விரித்துக் காட்டுகிறார்களாம். கோட்டு மாட்டுகிறவள் பெயர் சொல்கிறாளாம். நல்லது.

இங்கேயும் போன வருடம் அரசாங்கம் லொத்தோ என்று ஒரு அதிர்ஷ்டச் சீட்டுத் தொடங்கியிருக்கிறது. சனிக்கிழமை பால் வாங்க டெயரி என்கிற மூலைக் கடைக்குப் போனால் அந்தச் சீட்டு வாங்குகிறவர்களின் வரிசையில் நிற்க வேண்டும். மருமகன் விரி என்கிற இடத்தில் வேலை செய்கிற ஸ்டோரில் எல்லாரும் சேர்ந்து வாங்குகிறார்களாம். "நீர் வாங்கினால் இந்த வீட்டிலை நான் சமைக்கமாட்டன்" என்று சொல்லிவிட்டேன். அவர் வாங்குவதில்லை. மருமகன் கேட்கிறார்.

கட்டுநாயக்கா எயார்போட்டில் வைத்து உங்களை மகனோடும் என்னை மகளோடும் ஏற்றிவிடும்போது ஒரு வருடம் என்றார்கள். 84 சித்திரையிலிருந்து கணக்குப் பார்த்தால் நாலு வருடமும் ஏழு மாதமும். கலவரத்தில் வீடு போனது ஒரு பக்கம். பிள்ளைகள் தாய் தகப்பனைப் பங்கு போட்டது இன்னொரு பக்கம். அதற்கும் நீங்கள் வாய் திறக்கவில்லை.

மலர் கம்பளிச் சொக்ஸ் இரண்டு சோடி அனுப்புகிறாள். நான் சொல்லித்தான் அனுப்புகிறாள் என்று நினைக்க வேண்டாம்.

இனி உங்களுக்கு ஒன்றும் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டிய இடத்துக்குச் சொல்லுவேன்.

குணவதி


வின்னிபெக்
21.1.1989

அன்புள்ள குணவதிக்கு,

சொக்ஸ் கிடைத்தது. அளவு சரி. மலருக்கு என் கால் அளவு எப்படித் தெரியும் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

போன கிழமை மண்டபத்தில் மனேஜர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் ஒரு கடிதம். மாகாண முதல்வருக்கு எழுதி, அங்கிருந்து இவரிடம் வந்திருக்கிறது. ஆங்கிலத்தில் ரைப் அடித்தது. அடியில் பெயருமில்லை, கையெழுத்துமில்லை. உத்தியோகத்தில் இருந்த காலத்தில் என் மேல் மூன்று மொட்டைப் பெட்டிசம் வந்தது உமக்குத் தெரியும். இவ்வளவு தூரத்தில் நாலாவது வரும் என்று நான் நினைக்கவில்லை.

இன்ன பெயருள்ள ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர் 1949 தொடக்கம் சீட்டுக்காரர், அவரை வாசலிலேயே மறிக்கவும் என்று இருந்தது. அதற்குக் கீழே, "திருப்பி அனுப்பும்போது பஸ் வரும்வரை உள்ளே இருத்தவும். நெஞ்சுச் சளிக்காரர். தலையை மூடச் சொல்லவும்." மொட்டைப் பெட்டிசத்தில் இப்படி எழுதினவரை என் முப்பத்தைந்து வருடச் சேவையில் நான் கண்டதில்லை.

முத்திரை நியூசிலாந்து. "அங்கே உங்களுக்கு யாராவது இருக்கிறார்களா?" என்று கேட்டார். ஒரு மகள் இருக்கிறாள், அவள் இப்படி எழுதமாட்டாள் என்றேன். அது பொய் அல்ல.

நல்ல மனுஷன். யாரோ எழுதினார்கள் என்பதற்காக மறிக்க முடியாது, நீங்களாக விரும்பினால் மட்டும் ஒரு பத்திரம் இருக்கிறது, கையெழுத்து வைத்தால் இரண்டு வருடத்துக்கு உள்ளே வர ஏலாது என்றார். பேனை கேட்டேன். கையெழுத்து வைத்தேன். கோட்டு மாட்டுகிற பெண் வாசல் வரைக்கும் வந்தாள். பஸ் வரும்வரை உள்ளே இருக்கச் சொன்னார்கள்.

தலையை மூடிக்கொண்டுதான் போனேன்.

அன்புடன்,
வி. விநாயகமூர்த்தி


நியூ லின்
12.2.1989

மலரின் அப்பாவுக்கு,

ஓம், நான்தான். நீங்கள் கண்டுபிடிக்காமல் இருந்திருந்தால்தான் எனக்குக் கோபம் வந்திருக்கும்.

எனக்கு ஐந்தாம் வகுப்புப் படிப்பு. அதனால் பக்கத்து வீட்டுச் சாந்தாவிடம் போனேன். ஈப்போவில் இருந்து வந்த தமிழ்ப் பிள்ளை, ஏதோ ஒபிஸில் ரைப் அடிக்கிறாள். "யாரு மேல கம்ப்ளெயிண்ட், ஆன்ட்டி?" என்றாள்.

"இவரிலைதான்."

"இவருன்னா?"

"மலரின்டை அப்பா."

"ஐயோ ஆன்ட்டி, வீட்டுக்காரர் மேலயா? சரி, பேரு சொல்லுங்க. பேரு இல்லாம எப்படி அடிக்கிறது?"

நாற்பத்திரண்டு வருடம் என் வாயால் உங்கள் பெயரைச் சொன்னதில்லை. சொல்லப் பார்த்தேன், வரவில்லை. பேப்பர் ஓரத்தில் எழுதிக் காட்டினேன். அவள் ஒவ்வொரு எழுத்தாய் வாசித்தாள். எனக்குக் காது சுட்டது.

"கீழ உங்க பேரு போடலன்னா குப்பையில போட்டுருவாங்க" என்றாள். "போடமாட்டினம் பிள்ளை. எங்கடை ஊரிலை மொட்டைப் பெட்டிசத்துக்குத்தான் கெதியா விசாரணை வரும்" என்றேன். வந்ததா இல்லையா?

ஆனால் இப்படி நான் நினைக்கவில்லை. அவர்கள் மறிப்பார்கள், நீங்கள் வாசலில் நின்று சட்டம் கதைப்பீர்கள், பிறகு என்னை ஏசி எட்டுப் பக்கம் எழுதுவீர்கள் என்று நினைத்தேன். அந்த எட்டுப் பக்கத்துக்கு இடமும் பார்த்து வைத்திருந்தேன். நேற்றுக் கௌரி ரெலிபோனில் மலருக்குச் சொல்கிறாள்: "மாமா காலமை எழும்பிக் கோட்டும் ரையும் போடுறார். போட்டிட்டு ஜன்னலுக்கு முன்னாலை இருக்கிறார். மத்தியானம் கழட்டுறார்." மலர் போனை என்னிடம் நீட்டினாள். நான் வாங்கவில்லை.

உங்களை யார் கையெழுத்து வைக்கச் சொன்னது? யாரைக் கேட்டு வைத்தீர்கள்?

குணவதி


வின்னிபெக்
16.4.1989

அன்புள்ள குணவதிக்கு,

உம்மைக் கேட்டுத்தான் வைத்தேன். மலர் பிறந்த அன்று நீர் கேட்டு நான் வராமல் இருந்தது எனக்கு மறக்கவில்லை. நீர் நினைவுபடுத்துகிற ஒவ்வொரு முறையும் மறந்த மாதிரி இருந்தேன், அவ்வளவுதான். அன்றைக்கு எனக்கு நல்ல கை. அந்தக் கையில் என்னென்ன சீட்டு இருந்தது என்று இப்போதும் சொல்லுவேன். என் பிள்ளையின் முதல் சத்தம் எப்படி இருந்தது என்று சொல்லத் தெரியாது.

கசினோவில் நான் தேடினது சீட்டை அல்ல. ஒரு மேசையைச் சுற்றி ஆட்கள் இருந்து கதைக்கிற சத்தம். என்ன கதைக்கிறார்கள் என்று பாதி விளங்காது. இருந்தாலும் கேட்டுக்கொண்டிருக்கலாம். இப்போது பனி உருகுகிறது. றோட்டு முழுக்கச் சேறு. ஜன்னலால் அதைப் பார்க்கிறேன்.

கார்த்திகையில் ஒன்று கேட்டேன். நீர் பதில் எழுதவில்லை. தவராசா சொன்னான் என்று எழுதினது என் பிழை. தவராசா சொல்லவில்லை, நான்தான் அவனைக் கேட்டேன். இப்போது உம்மிடம் நானே கேட்கிறேன்.

வாரும், குணவதி.

விநாயகமூர்த்தி


நியூ லின்
29.10.1989

மலரின் அப்பாவுக்கு,

விசா வந்துவிட்டது. டிசம்பர் ஐந்தாம் திகதி ஏறுகிறேன். மிச்ச விபரம் தவராசாவிடம்.

இங்கே ஆறு மாதமாகச் சண்டை. மலர் கேட்டாள், "நான் வேலைக்குப் போனால் பிள்ளையளை ஆர் அம்மா பாக்கிறது? வீட்டு மோர்ட்கேஜ் காசு ஆர் கட்டுறது?" என்று. "உன்னை நான் பாத்தன். இவையளை அஞ்சு வருஷம் பாத்தன். இனி நீ பார்" என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிப்போனது. மருமகன் இரவு வேலைக்கு மாறியிருக்கிறார், பகலில் பிள்ளைகளோடு இருக்க. பாவம், நித்திரை இல்லாமல் கண் சிவந்து திரிகிறார். சின்னவளுக்குத் தலை இழுத்துப் பின்ன அவருக்குத் தெரியாது. நான் பழக்க, அவளுக்கு நொந்து கத்துகிறாள். மலர் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கிறதில்லை. நேற்று என் பெட்டியைத் திறந்து பார்த்தேன், கம்பளிச் சட்டை மூன்று மடித்து வைத்திருக்கிறாள். இவள் என்னை மன்னிக்கமாட்டாள். என்னுடைய பிள்ளைதானே.

நீங்கள் கேட்பதற்காக இவ்வளவு காலம் இருந்தேன். மகன் கேட்டான் என்று எழுதினால் மகனுக்குச் சமைத்துப் போட வருகிற வேலைக்காரி மாதிரி இருக்கும். இதை நீங்கள் 1984லேயே கேட்டிருக்கலாம்.

வாறேன் என்பதால் கோபம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். ஒன்றும் போகவில்லை. கொடிகாமம் இருக்கிறது, கட்டுநாயக்கா இருக்கிறது, நீங்கள் அறியாதது இன்னும் எத்தனையோ இருக்கிறது. எழுதிப் பார்த்தேன், சரிவரவில்லை. ஒன்றைச் சொல்லிவிட்டு உங்கள் முகம் எப்படிப் போகிறது என்று பார்க்க மூன்று கிழமை காத்திருக்க வேண்டியிருக்கிறது. எனக்கு இப்போது அறுபத்துமூன்று வயது. உங்களுக்கு எழுபது முடிகிறது.

எதிரில் இருந்துதான் ஏச வேண்டும்.

குணவதி