மயிலாப்பூரில் வெறுங்குடங்கள்

ஜமுனாமரத்தூர்,
12-6-1983

அன்பு மகள் செந்தாமரைக்கு அப்பா எழுதிக்கொள்வது. நானும் அம்மாவும் ஆடுகளும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம், உனக்கும் உன் வார்டில் படுத்திருக்கிறவர்களுக்கும் சுகம் உண்டாகட்டும். சென்ற மாதம் நம் குடும்ப வரலாற்றில் இடம்பெறத் தக்க ஒரு முடிவு எடுக்கப்பட்டது. பட்டணத்துக்கு மஞ்சள் பையைக் கொண்டுபோவதில்லை, தபால்காரர் முனிசாமியிடம் ரெக்சின் பையை இரவல் கேட்பது என்று நானும் அம்மாவும் உன் சக்கரவர்த்தி மாமாவும் ஏகமனதாகத் தீர்மானித்தோம். மஞ்சள் பையோடு கடற்கரையில் நின்றால் பிள்ளை வீட்டார் முன் உனக்குத் தலைகுனிவு என்பது என் வாதம். மாமா ஒரு பொழுது முழுவதும் யோசித்துவிட்டு ஒப்புக்கொண்டார். உனக்குத் தலைகுனிவு வராமல் இருக்க நான் எடுத்துக்கொண்ட முயற்சி அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது. அன்று கலங்கரை விளக்கத்துக்குக் கீழே நீயும் ராஜேந்திரனும் அவர் அம்மா செல்லம்மாவும் இருட்டும் வரை காத்திருந்தும் நாங்கள் ஏன் வரவில்லை என்பதற்கு பஸ்காரப் பாண்டுரங்கன் உன்னிடம் ஒரு காரணம் சொன்னான் அல்லவா, அது பொய். அவன் மேல் குற்றமில்லை, நான் சொல்லியனுப்பியதை அவன் சொன்னான். நடந்ததை எழுதுகிறேன், கோபம் வந்தால் பாதியில் நிறுத்திவிடாதே, முழுவதையும் படி.

நீ சொன்ன யோசனை நல்ல யோசனை. பெண்ணைப் பெற்றவர்கள் பிள்ளை வீட்டைத் தேடிப் போகக் கூடாது என்பது நம் மலை வழக்கம், ராஜேந்திரன் வீட்டார் ஆலங்காயத்துக்கு இறங்கிப் போய் இரண்டு தலைமுறை ஆனாலும் நம்மவர்கள்தான், அவர்களுக்கும் அது தெரியும். அவர்கள் இப்போது குடியிருக்கும் பட்டணத்துக்கு ஊர் சுற்றிப் பார்க்க வந்த இடத்தில் தற்செயலாகச் சந்தித்துக்கொண்டால் யார் பெரியவர் என்ற பேச்சும் எழாது. அதனால்தான் பாண்டுரங்கனின் ஒருநாள் சுற்றுலா பஸ்ஸில் ஏறினோம். ராத்திரி ஏறினால் விடிகாலை பட்டணம், பொழுது சாய்ந்ததும் திரும்ப வேண்டும். ஒரே பகலில் ஒன்றையும் விடாமல் பார்த்துவிட வேண்டும் என்று நான் ஒரு வாரமாகத் திட்டம் போட்டு வைத்திருந்தேன். முதலில் உயிர்காலேஜ் என்கிற மிருகக்காட்சி சாலை. அங்கே சீட்டு வாங்கிக்கொண்டு உள்ளே போய் காட்டுப்பன்றியைப் பார்த்தோம். நம் சாமைக் கொல்லையை அழித்த பாவத்துக்குத்தான் அது கூண்டில் கிடக்கிறது என்று மாமாவுக்கு மெத்தத் திருப்தி, கம்பிக்கு வெளியே நின்றுகொண்டு “வாடா மவனே, இப்ப வாடா பாக்கலாம்” என்று கொஞ்ச நேரம் பேசினார். பிறகு செத்தகாலேஜ், அதாவது மியூசியம். நம் அடுக்களையில் இருப்பது போன்ற மூங்கில் கூடை ஒன்று கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது, இதை எதற்குப் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று அம்மா காவல்காரரைக் கேட்டாள், அவர் தொடாதே என்று பதில் சொன்னார். மவுண்ட் ரோட்டில் எல்.ஐ.சி. கட்டடத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு மாமா, “மச்சான், அம்மாம் மேல குந்தறவனுக்குத் தண்ணி யாரு தூக்கினு போறது?” என்று கேட்டார். தண்ணீர் குழாயில் தானாக ஏறும் என்று அதன் தத்துவத்தை நடுரோட்டில் நின்று விளக்கினேன். பட்டணத்தில் இந்த வருடம் எந்தக் குழாயிலும் எதுவும் ஏறவில்லை என்பது எனக்கு அப்போது தெரியாது. நீ கடிதத்தில் தண்ணீர்க் கஷ்டம் என்று எழுதியிருந்தாய், நான் அதைக் குளிக்கிற கஷ்டம் என்று நினைத்துக்கொண்டேன். ஒருநாள் பட்டணம் பார்க்க யாராவது உன்னிடம் யோசனை கேட்டால், முக்கியமான இடத்துக்கு முதலில் போகச் சொல். சாயங்காலம் கடற்காற்று சுகமாக இருக்கும் என்று நான் உன்னைக் கடைசியில் வைத்தேன், காட்டுப்பன்றியை முதலில் வைத்தேன்.

பாண்டுரங்கன் பஸ்ஸை மயிலாப்பூர்க் குளத்தோரம் நிறுத்தினான். குளத்துக்குள் பையன்கள் கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் கோயிலுக்குப் போனார்கள், நாங்கள் மூவரும் கலங்கரை விளக்கத்துக்கு நடந்தோம். முதல் தெரு முனையிலேயே ஒரு பெண் வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எதிரே ஓடிவந்தாள். சம்பந்தம் பேசப் போகிறபோது வெறுங்குடம் எதிர்ப்பட்டால் புறப்பட்ட இடத்துக்குத் திரும்பி, உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி கிளம்ப வேண்டும், மூன்றாம் தடவையும் எதிர்ப்பட்டால் அந்த நாள் நமக்கில்லை. உனக்குத் தெரிந்ததுதான். மாமா நின்றுவிட்டார். திரும்பி வந்து பஸ்ஸில் உட்கார்ந்து தண்ணீர் குடித்தோம். மறுபடி வேறு தெருவில் போனோம், அங்கே இரண்டு பெண்கள் ஆளுக்கொரு வெறுங்குடத்தைத் தூக்கி ஒருத்தியை ஒருத்தி அடிக்கப் போய்க்கொண்டிருந்தார்கள். மறுபடி பஸ், மறுபடி தண்ணீர். மூன்றாவதாக நுழைந்த தெருவில் சண்டை இல்லை, குடங்கள் மட்டும் இருந்தன. சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று பிளாஸ்டிக் குடங்கள் தெரு நீளத்துக்கு வரிசையில் நின்றன, குடம் இல்லாதவர்கள் செங்கல்லையும் ஒற்றைச் செருப்பையும் இடம் பிடிக்க வைத்திருந்தார்கள். இதற்கு மேல் எழுதுவதுதான் எனக்குக் கஷ்டம். மாமா அந்த வரிசையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை பார்த்தார், பார்த்துவிட்டுச் சிரித்தார். “மச்சான், கொடம் எதுத்தாப்ல வந்தாத்தான் சகுனம். இது பாட்டுக்கு நின்னுனு கீது. பட்டணத்துல இதெல்லாம் கணக்குல சேராது, நடங்க, கொழந்த காத்துனு இருக்கும்” என்றார். அம்மாவும் இரண்டு அடி எடுத்து வைத்துவிட்டாள். மகளே, நான்தான் நின்றேன். ஐந்தாம் வகுப்புக்கு மூடநம்பிக்கைகள் என்ற பாடத்தை, கரும்பலகையில் பூனையும் வெறுங்குடமும் வரைந்து நடத்தி, இன்ஸ்பெக்டரிடம் நல்ல பெயர் வாங்கிய நான். பின்னால் உன் வாழ்க்கையில் ஏதாவது குறை வந்தால் அன்றைக்கு இத்தனை குடத்தையும் பார்த்துக்கொண்டே நடந்தோமே என்று நினைக்க வேண்டிவருமே, அந்த நினைப்பு காலைக் கட்டிவிட்டது. போக வேண்டாம் மச்சான் என்றேன். வரிசையில் குந்தியிருந்த ஒரு கிழவி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். “இன்னாய்யா, கொடத்தப் பாத்து பயந்துக்கினியா? லாரி வந்தா ரொப்பிடுவோம். ரொம்பின கொடத்தப் பாத்துட்டு ராசா மாதிரி போ. அதுவரைக்கும் குந்து” என்றாள். கேலிக்குச் சொன்னாள். நான் அதையே பிடித்துக்கொண்டேன். நிறைகுடம் நல்ல சகுனம், அதைப் பார்த்தால் முன்பு பார்த்தது கழிந்துவிடும் என்று மாமாவுக்கே விளக்கம் சொன்னேன். மாமா என் முகத்தைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார். கலங்கரை விளக்கத்தின் உச்சி அந்தத் தெருவிலிருந்தே தெரிந்தது. அதற்குக் கீழே நீங்கள் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்பது தெரியும், இருந்தும் தண்ணீர் லாரிக்காகச் செங்கல்லுக்கும் ஒற்றைச் செருப்புக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். லாரி வரவில்லை. விளக்கு எரியத் தொடங்கியதும் பாண்டுரங்கன் எங்களைத் தேடி வந்து, “வாத்தியாரே, வண்டி எடுக்கணும், ஜனம் திட்டுது” என்றான்.

அப்போது மாமா வெற்றிலை வாங்கக் கடைக்குப் போயிருந்தார். நீ ஓடிப்போய்ப் பாப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வா என்று பாண்டுரங்கனை அனுப்பினேன். என்ன சொல்வது என்று அவன் கேட்டான். மாமாவுக்குச் சகுனம் சரியில்லை என்று சொல் என்றேன். நான் யோசித்துச் சொல்லவில்லை, யோசிக்காமலே அவ்வளவு சரளமாக வந்தது. அம்மா பக்கத்தில்தான் இருந்தாள், முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் திரும்பி வந்து, பஸ் புறப்பட்ட பிறகு, எல்லாரும் கேட்கும்படி, “வாத்தியாரே, பாப்பா அழுவுது. என் கல்யாணப் பேச்சுல இனிமே மாமா தலையிட வேணாம், அவுரு மூஞ்சிலயே முழிக்க மாட்டேன்னு சொல்லச் சொல்லிச்சு” என்றான். பஸ்ஸில் இருந்தவர்கள் அத்தனை பேரும் மாமாவைத் திரும்பிப் பார்த்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். நான் பேசுவேன் என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார். பிறகு, “கொழந்த சொல்றதுல இன்னா தப்பு” என்று மட்டும் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஆலங்காயம் வரை நான் தூங்குவது போல இருந்தேன். இறங்கும்போது அம்மா, “எங்கண்ணன் தலையில போட்டுட்டீங்களே, நல்லா கீது” என்றாள். அதிலிருந்து அவள் என்னிடம் நேராகப் பேசுவதில்லை, சோறு ஆறுது, வர்றவங்க வரலாம்னு சொல்லு என்று வெள்ளாட்டிடம் சொல்கிறாள்.

மாமா கோபமாக இல்லை, கோபமாக இருந்தாலும் தேவலை. சென்ற சந்தையில் பார்த்தபோது, கொல்லையில் உழவு முடிந்ததா என்று வழக்கம்போல விசாரித்தார். செல்லம்மா அம்மாள் பெரிய மனசு பண்ணி, போனது போகட்டும், நாங்களே முறைப்படி வெற்றிலைத் தட்டோடு வரும் 24-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மலைக்கு வருகிறோம் என்று பாண்டுரங்கனிடம் சொல்லியனுப்பியிருக்கிறார்கள், உனக்கும் தெரிந்திருக்கும். அதை மாமாவிடம் சொன்னேன். “சந்தோசம். நான் வர மாட்டேன் மச்சான், கொழந்த வேணாம்னு சொல்லிடுச்சி” என்றார். தாய்மாமன் கைநீட்டி வாங்காமல் அந்தத் தட்டு நம் வாசல்படியைத் தாண்டாது, வேறு யார் வாங்கினாலும் ஊர் ஒப்பாது. நீ அவர் மேல் கோபப்பட ஒரு காரணமும் இல்லை, அவர் உன்னிடம் வருவதற்கு நடந்தார், தடுத்தவன் உன் அப்பன். இதை எழுதி முடித்ததும் கையோடு மாமா வீட்டுக்குப் போய், பஸ்ஸில் சொல்லாததை அவர் வீட்டு வாசலில் நாலு பேர் கேட்கச் சொல்லப் போகிறேன். நீயும் உன் வாயால் மாமா வர வேண்டும் என்று ஒரு கார்டு போடு, அம்மா பெயருக்குப் போட்டாலும் போதும். ராஜேந்திரனிடமும் அவர் அம்மாவிடமும் இந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டலாம், எனக்கு ஆட்சேபணை இல்லை. அவர்கள் என்னைப் பற்றி என்ன நினைப்பார்களோ அதைத்தான் நானும் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

நைட் டியூட்டியில் வெறும் டீயைக் குடித்துக்கொண்டு இருக்காதே, ஏதாவது சாப்பிடு. லாரித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம். வெள்ளிக்கிழமைக்கு லீவு கிடைத்தால் வியாழன் இரவே புறப்பட்டு வா, ஆலங்காயத்தில் நான் நிற்பேன். நம் குலசாமி உனக்கு நல்ல வீட்டையும், பெற்றவர்களைவிட நல்ல துணையையும் கொடுக்கட்டும்.

உன் அப்பா,
கோ. வேடியப்பன்

பின்குறிப்பு: மாமா வீட்டுக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்தேன். வீடு பூட்டியிருக்கிறது. நேற்று காலையில் நெல்லிவாசல் பக்கம் மகள் வீட்டுக்குக் குடும்பத்தோடு போய்விட்டாராம், சாமை விதைப்பு முடிந்துதான் வருவார்களாம், வெள்ளிக்கிழமைக்குள் அது முடியாது.