அத்தானின் குரல் இருந்த கம்ப்யூட்டர்

ஜூலை 7, திங்கள்

விடிந்தது முதல் மழை. துணி எதுவும் காயவில்லை. மதியம் கம்ப்யூட்டர் தானாக நின்றுபோனது. நீலத் திரை, பிறகு கருப்பு. தொட்டால் சுடுகிறது. திரும்பப் போட்டேன். ‘அத்தான்’ என்று பெயர் வைத்த போல்டரைக் காணோம். சனி, ஞாயிறு இரண்டு நாளும் அத்தான் பேசிப் பதிந்தது முழுவதும் அதில்தான். அணைத்தால் மெஷின் மறுபடி கிளம்ப நேரமாகிறதே என்று அணைக்காமல் ஓட விட்டிருந்தேன். அதனால் சூடாகியிருக்கும்.

போனிலும் இல்லை. கம்ப்யூட்டரில் ஏறியதும் போனில் அழித்துவிட்டேன். சபை மாதர் சங்கக் கணக்கில், சீட்டைப் பெரிய நோட்டில் ஏற்றிய உடனே கிழித்துப்போடுவேன், ஒன்றே இரண்டு தடவை ஏறக்கூடாது என்று. அந்தக் கைப்பழக்கம்.

அடுத்த செவ்வாய் பரேல் ஆஸ்பத்திரியில் அத்தானுக்கு ஆபரேஷன். கட்டியைக் குரல்வளையோடு எடுப்பார்கள். பிறகு பேச்சு வராது என்று டாக்டர் நேராகவே சொல்லிவிட்டார். வாஷியில் மகள் ஜெபாவுக்கு எட்டாம் மாதம். பிறக்கிற பிள்ளை தாத்தா குரலைக் கேட்க வேண்டும். மூடப்போன நெட் கடையிலிருந்து இந்தப் பழைய மெஷினை வாங்கியதே அதற்குத்தான்.

ஜூலை 8, செவ்வாய்

வீடியோ பார்த்து மெஷினின் பக்கவாட்டு மூடியைக் கழற்றினேன். ஃபேன் முழுக்கத் தோல் தூசி. கீழே பை தைக்கிற பட்டறை, வேறெங்கே போகும்? பழைய பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைத்தேன். மதியம் வரை ஓடியது. நிற்கவில்லை. ஸ்தோத்திரம்.

ஜெபா போனில் கத்தல்: “அம்மா, தோ ஜகா ரக்னேகா! ஒரே எடத்துல வச்சா இப்படித்தான் ஆவும்.” போனில்தான் இடமே இல்லையே.

அத்தானிடம் மறுபடி பேசச் சொன்னேன். தொண்டை கட்டியிருந்தது. டாக்டர் அதிகம் பேசக் கூடாது என்றிருக்கிறார். அத்தான் சிரித்தார்கள். “ஏட்டி எஸ்தரு, மனுசன் உசுரோட இருக்கும்போதே அடக்க ஆராதனை நடத்துதியா?” நான் ஒரு சங்கீதம் வாசிக்கச் சொன்னால், அவர்கள் பேசியது இது: “ஏல, ஆணோ பொண்ணோ, பாலக் குடிச்சமா தூங்குனமான்னு இரி. ஒங்கம்ம மாதிரி ராப்பூரா கத்தாத. தாராவியே எந்திரிச்சிரும்.” நடுநடுவே இருமல். இடையில் தண்ணீர். முடிக்கும்போது சட்டையெல்லாம் வேர்வை.

கம்ப்யூட்டரில் ஏற்றினேன். போட்டுக் கேட்டேன். இருக்கிறது. போன் நிறைந்துவிட்டதால் அதில் அழித்தேன். இனிச் சூடாகக் கூடாது என்று குடும்ப ஜெபத்துக்கு முன்னால் மெஷினை ஒழுங்காக அணைத்து, மெயின் ஸ்விட்சையும் நிறுத்தினேன்.

ஜூலை 9, புதன்

இல்லை.

சூடு இல்லை, தானாக நிற்கவும் இல்லை. ஒழுங்காக அணைத்து, ஒழுங்காகப் போட்டேன். போல்டர் இல்லை. வைரஸ் என்றால் மற்றதையும் தின்றிருக்க வேண்டும். நெட் கடைக்காரன் வைத்த பூப்படம் முதல் எல்லாம் வைத்த இடத்தில் இருக்கிறது. நான் வைத்தது மட்டும் போகிறது.

சோதித்தேன். ‘உப்பு, பல்பு, தீப்பெட்டி’ என்று ஒரு பைல் அடித்து வைத்தேன். அணைத்துப் போட்டேன். போய்விட்டது. மறுபடி செய்தேன். மறுபடியும் போனது. அப்படியானால் திங்கட்கிழமை போனதும் சூட்டினால் இல்லை. சூடு மெஷினை நிறுத்தியது, அவ்வளவுதான். திரும்பப் போட்டதில்தான் போயிருக்கிறது.

நேற்று நானே அணைத்தேன்.

அத்தான் கஞ்சி குடித்துக்கொண்டே, “கொரலு நல்லா விழுந்திருக்கா?” என்றார்கள். விழுந்திருக்கிறது என்றேன். மறுபடி பேசச் சொல்ல வாய் வரவில்லை.

ஜூலை 10, வியாழன்

சீத்தா கேம்ப்பிலிருந்து காதர் பாய் வந்தார். கம்ப்யூட்டர் பார்ப்பவர். உட்கார்ந்த சிறிது நேரத்திலேயே சொல்லிவிட்டார்.

“அக்கா, இது கஃபே டப்பா. வர்றவனெல்லாம் கண்டதையும் ஏத்திட்டுப் போவான். அதுக்காக சேட்டு உள்ள பூட்டு போட்டிருக்கான். நீ என்ன வச்சாலும் சரி, ஆஃப் பண்ணி ஆன் பண்ணா அவன் பூட்டுன நாளுக்கே திரும்பப் போயிரும்.”

“அப்ப கெட்டுப்போகலையா?”

“கெடவே இல்லக்கா. சொன்ன வேலைய ஒழுங்கா செய்யுது.”

போனையும் பார்த்தார். அழித்த இடத்தில் வேறு வந்து ஏறிவிட்டது, அதில் எடுக்க வராது. டிஸ்க்கில் தேடிப் பார்க்கிறேன், சனிக்கிழமை சொல்கிறேன், ஆசை வைக்காதே என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார்.

நாளைக் காலை அத்தானிடம் உள்ளதைச் சொல்லி, இன்னொரு தடவை பேசச் சொல்ல வேண்டும். ஜெபாவின் பெயரையாவது. போனில் இருந்த ஜெபா கல்யாணப் படமெல்லாம் அழித்து இடம் பண்ணிவிட்டேன்.

ஜூலை 11, வெள்ளி

சொல்லிவிடுவது என்றுதான் எழுந்தேன். அத்தான் கட்டிலில் உட்கார்ந்தபடி மூச்சுக்குத் திணறல். உதடு கறுத்துவிட்டது. கீழே பட்டறைக்காரர்கள் தூக்கி டாக்சியில் ஏற்றினார்கள். வழியெல்லாம் தண்ணீர். பரேல் போனதும் கட்டி மூச்சை அடைத்துவிட்டது என்று கழுத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். உயிர் இருக்கிறது. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்.

நர்ஸ் மராட்டியில் என்னவோ சொன்னாள். பிறகு ஹிந்தியில்: “அப் பாத் நஹி கர் பாயேங்கே.” இனி பேச முடியாது.

டாக்சியில் ஏதோ சொல்ல வந்தார்கள். போன் என் கையில்தான் இருந்தது.

ஜூலை 12, சனி

மழை விட்டிருக்கிறது. காதர் பாய் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார். கிடைத்த துண்டுகளைப் போட்டுக் காட்டினார். ஒன்றில் எங்கள் குக்கர் விசில். ஒன்றில் ரயில். ஒன்றில் நான்: “கொஞ்சம் சத்தமா, அத்தான்.” அவர்கள் குரல் எதிலும் இல்லை. கூலி வேண்டாம் என்று போய்விட்டார்.

சாயங்காலம் ஆஸ்பத்திரி. அத்தான் சைகை காட்டி ஒரு சிலேட்டை வாங்கி எழுதினார்கள்: ‘பாப்பாவுக்குப் போட்டுக் காட்டு.’

“காட்டுதேன் அத்தான்.”

கண்ணை மூடிக்கொண்டார்கள். நல்ல நிம்மதி முகத்தில்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். ஜெபம் பண்ண முழங்கால் போட்டேன், பாதியில் விட்டேன். எழுந்து மெஷினைப் போட்டேன். பாய் பூட்டை எடுத்துவிட்டு, எல்லாம் புதிதாக ஏற்றியிருக்கிறார். அதே சோதனையை அடித்து வைத்து அணைத்தேன். போட்டேன்.

உப்பு, பல்பு, தீப்பெட்டி. அப்படியே இருக்கிறது.